புதினக் களமும் மொழிப் பிழையும்: ‘தி சைன் ஆஃப் ஃபோர்’ காட்டும் அந்தமான்

1. முன்னுரை

புதினம் எழுதுவோர் செய்யும் பிழைகளைத் திறனாய்வாளர் பெரும்பாலும் கதைப்பின்னல், பாத்திரப் படைப்பு, நடை என்னும் தலைப்புகளில் அடக்குவர். களம் பற்றிய பிழைகள் சிறியனவாகக் கருதப்பட்டு அடிக்குறிப்பில் ஒதுக்கப்படும். ஆயின் களப்பிழைகள் அனைத்தும் ஒரே தன்மையன அல்ல. ஒரு சொல்லை மாற்றினால் நீங்குவன சில; மாந்தருக்கு மொழி உண்டு என்பதையே மறந்ததால் விளைவன வேறு சில. பின்னவை புதினத்தின் அடித்தளத்தையே தாக்குவன. இவ்வேறுபாட்டை ஆர்தர் கோனன் டாயில் 1890இல் வெளியிட்ட ‘தி சைன் ஆஃப் ஃபோர்’ என்னும் புதினத்தைக் கொண்டு விளக்குவதும், மொழிபெயர்ப்பாளருக்கும் தமிழ்ப் புதின ஆசிரியருக்கும் அதனால் பெறப்படுவனவற்றைத் தொகுப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது ஆக்ரா கோட்டையில் வணிகன் வேடத்தில் வந்த ஒருவனைக் கொன்று புதையலைக் கவர்ந்த நால்வருள் ஜோனதன் ஸ்மால் என்னும் ஆங்கிலேயன் ஒருவன். அவன் அந்தமான் தண்டனைக் குடியிருப்புக்கு அனுப்பப்படுகிறான். டோங்கா என்னும் தீவுவாசியின் துணையுடன் தப்பி இலண்டனை அடைகிறான். டோங்கா ஊதுகுழலால் நச்சுமுள் எய்து ஒருவரைக் கொல்கிறான். ஷெர்லக் ஹோம்ஸ் துப்பறிந்து இவர்களைப் பிடிப்பதே கதை.

2. பெயரிடல்

இயற்பெயர் வெறும் அடையாளக் குறியன்று. சமயம், இனம், வட்டாரம், பால் ஆகியவற்றைச் சுமந்து நிற்கும் மொழிக்கூறு அது. ஸ்மாலின் கூட்டாளிகள் மூவரின் பெயர்கள் மஹோமெட் சிங், அப்துல்லா கான், தோஸ்த் அக்பர் என்பன. கோட்டைக் காவலில் இருப்போர் சீக்கியர் என்றே புதினம் கூறுகிறது. அப்துல்லா கானும் தன்னைச் சீக்கியன் என்றே சொல்லிக்கொள்கிறான். இசுலாமியப் பெயரையும் ‘சிங்’ என்பதையும் இணைத்ததும், ‘கான்’ என்பவனைச் சீக்கியனாக்கியதும் இந்திய வாசகருக்கு முதல் பார்வையிலேயே புலப்படும்.

‘டோங்கா’ என்பதன் நிலையும் இத்தகையதே. அது பசிபிக் தீவு நாடு ஒன்றையும் வட இந்தியக் குதிரை வண்டியையும் நினைவூட்டுகிறதேயன்றி, அந்தமானியர் பெயரிடும் முறையோடு தொடர்புடையதாகத் தோன்றவில்லை. குழந்தை பிறக்கும் முன்பே, ஆணா பெண்ணா என்று அறியாமலே பெயரிடுவதும், பெண் பூப்பெய்தியபின் அப்பருவத்தில் மலரும் பூவின் பெயரைச் சேர்த்து வழங்குவதும் அவர்தம் வழக்கம். இ. எச். மேன் இவர்களைப் பற்றி எழுதிய விரிவான நூல் 1885இலேயே இலண்டனில் வெளியாகிவிட்டது என்பது கருதத்தக்கது.

இடப்பெயர்களில் வேறொரு நிலையைக் காண்கிறோம். ஸ்மால் வாழ்ந்த ஹோப் டவுனும் அருகிலுள்ள ஹேரியட் மலையும் உண்மையான இடங்கள். 1872இல் வைஸ்ராய் மேயோ கொல்லப்பட்டது ஹோப் டவுனில்தான். ஆனால் ‘பிளேர் தீவு’ என்று புதினம் கூறுவது துறைமுகப் பெயரைத் தீவின் பெயராக மயங்கியதாகும். இன்று ஸ்ரீ விஜயபுரம் என வழங்கும் போர்ட் பிளேர் துறைமுகத்தின் வாயிலில் உள்ள ராஸ் தீவே அன்றைய நிர்வாகத் தலைமையிடம். மெய்யான இடப்பெயர் இரண்டு, பொய்யான செய்திகள் பலவற்றுக்கும் நம்பகத்தன்மை அளித்துவிடுகின்றன. களநூல்களை மேலோட்டமாகப் புரட்டி எழுதும் புதினங்களில் இப்பிழை நேரக்கூடும்.

3. பேச்சின்மை

நோயுற்ற டோங்காவுக்குப் பணிவிடை செய்தபோது அவன் மொழியைச் சிறிது கற்றதாக ஸ்மால் கூறுகிறான். அம்மொழி புதினத்தில் தோன்றும் ஒரே இடம் இதுதான். டோங்காவின் கூற்றாக, நேர்க்கூற்றில், ஒரு சொல்கூட இடம்பெறவில்லை. தேம்ஸ் ஆற்றில் வாசகர் அவனைக் காணும்போதும் விலங்கின் சினத்தோடு பல்லைக் காட்டுபவனாகவே காண்கிறார். கொலைகாரனாகிய ஸ்மாலுக்குத் தன் வரலாற்றைத் தானே சொல்ல ஓர் இயல் முழுவதும் கிடைக்கிறது. டோங்காவுக்கு ஒரு தொடரும் இல்லை.

அம்மொழி அறியப்படாத மொழியன்று. 1877இல் மேனும் ஆர். சி. டெம்பிளும் தென் அந்தமான் மொழி பற்றிய நூலை வெளியிட்டனர். 1887இல் எம். வி. போர்ட்மனின் மொழிக் கையேடு வந்தது. பேரந்தமானியருள் பத்துக் குழுக்கள் பதிவாகியுள்ளன. ஆக்கா-பேயா, ஆக்கா-ஜெரு, ஆக்கா-போ முதலிய பெயர்களில் வரும் ‘ஆக்கா’ என்னும் முன்னொட்டு வாயைச் சார்ந்த பொருளைக் குறிப்பது; மொழியைக் குறிக்கவும் அதுவே பயன்படுகிறது. மனித உடலை ஏழு பகுதிகளாகப் பகுத்து, அப்பகுப்பை இலக்கணம் முழுவதிலும் பரவச் செய்த மொழி இது என்பதை அன்விதா அப்பி 2013இல் வெளியிட்ட இலக்கணம் விளக்குகிறது. உடலுறுப்பின் பெயர் உடையவரைச் சுட்டாமல் தனித்து நிற்பதில்லை. தன் பெயரிலேயே வாயைத் தாங்கிய மொழியைப் பேசியவனைப் புதினம் வாயற்றவனாக்கியது.

இதனோடு ஒப்பிட, தென்னை நார்ப்பாய் பற்றிய பிழையைக் காணலாம். தப்பிச் செல்லும் படகில் அந்தமான் தென்னை நார்ப்பாய் இருந்ததாக ஸ்மால் கூறுகிறான். நிகோபாரில் மிகுந்திருந்த தென்னை, அந்தமானில் தண்டனைக் குடியிருப்புக்கு முன் இயல்பாக வளர்ந்ததன்று. அச்சொல்லை நீக்கினால் பிழையும் நீங்கும். டோங்காவின் மௌனத்தை அவ்வாறு ஒரு சொல்லால் நீக்குதல் இயலாது. கதையையே திரும்ப எழுதவேண்டும்.

4. சான்று

தீவுவாசிகள் பற்றிய செய்திகளை ஹோம்ஸ் ஒரு நிலவியல் களஞ்சியத்திலிருந்து படித்துக் காட்டுகிறான். அதுவே மிகப் புதிய சான்று என்றும் கூறுகிறான். அதன்படி அவர்கள் நரமாமிசம் உண்போர். மேன் தம் ஆய்வில் இக்கருத்தை மறுத்துள்ளார். அவர்களின் படைக்கலம் வில்லும் அம்பும், ஊதுகுழலன்று.

பாத்திரத்தின் அறியாமையை ஆசிரியர்மேல் ஏற்றலாகாது, துப்பறியும் கதையில் இனவரைவியல் தேடுவது முறையன்று என்று இதற்கு மறுப்புக் கூறுவோர் உண்டு. முதற்பகுதி ஏற்புடையதே. ஆனால் ஹோம்ஸ் தவறாத அறிவின் உருவமாகப் படைக்கப்பட்டவன். அவன் படித்ததைக் கதைநிகழ்ச்சி மறுக்காது மெய்ப்பிக்கிறது. எனவே இஃது ஒரு பாத்திரத்தின் கருத்தாக நில்லாமல் புதின உலகின் உண்மையாகிவிடுகிறது.

எனினும் புதினத்திலேயே ஒரு விரிசல் உள்ளது. பிழைப்புக்காக டோங்காவைச் சந்தைகளில் நரமாமிசம் உண்பவன் என்று காட்டி, பச்சை இறைச்சி தின்னவும் போர் நடனம் ஆடவும் செய்து காசு சேர்த்ததாக ஸ்மால் கூறுகிறான். அதாவது ‘நரமாமிசம் உண்போன்’ என்பது இலண்டன் மக்கள் காசு கொடுத்துப் பார்த்த ஒரு வேடம். களஞ்சியம் கூறும் ‘உண்மை’ சந்தையில் நடிக்கப்படுவதைப் புதினமே காட்டுகிறது. காட்டியதை அது தானே உணரவில்லை. திறனாய்வாளரும் மொழிபெயர்ப்பாளரும் நின்று நோக்கவேண்டிய இடம் இது.

5. மொழிபெயர்ப்பாளர் கடமை

இத்தகைய பிழைகளை மொழிபெயர்ப்பாளர் திருத்தலாமா? ‘மஹோமெட் சிங்’ என்பதை ஏற்ற சீக்கியப் பெயராக மாற்றினால் வாசிப்பு எளிதாகும். ஆனால் ஒரு காலத்தின் அறியாமைக்கான சான்று அழியும். எனவே பிழையைப் பிழையாகவே பெயர்த்து, முன்னுரையில் சுட்டுதலே தகும். அதேவேளை மூலத்தில் இல்லாத இழிவைச் சேர்த்தலும் ஆகாது. தீவுவாசியைக் குறிக்கும் நடுநிலைச் சொல் வரும் இடத்திலும் ‘காட்டுமிராண்டி’ என்று பெயர்த்தால் பிழை இரட்டிக்கும். பழிச்சொல் வரும் இடமெல்லாம் யார் கூற்று என்பதை நோக்கிச் சொல் தேர்தல் வேண்டும்.

6. தமிழ்ப் புதினத்திற்கு

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. இவர்களுள் வங்காளம் பேசுவோர் ஏறத்தாழ 28 விழுக்காட்டினர். தமிழர் 15 விழுக்காட்டினர். பொதுவழக்காக விளங்குவது இந்துஸ்தானி. இக்களத்தைத் தேரும் தமிழ்ப் புதினம் மூன்று பிழைகளை விலக்கவேண்டும்.

முதலாவது, அனைவரையும் ஆசிரியரின் வட்டார வழக்கிலேயே பேசச் செய்தல். இரண்டாவது, பிறமொழியாளரைக் கொச்சைத் தமிழ் பேசும் நகைப்புப் பாத்திரமாக்குதல். ‘நம்பள்’, ‘நிம்பள்’ என்று சேட்டு பேசும் மரபு தமிழ்ப் புனைவில் வேரூன்றியது. அந்தமான் கடைத்தெருவிலோ, கற்றுக்கொண்ட மொழியில் தடுமாறுவோருள் தமிழரும் இருப்பர். ஒருவர் தம் மொழியில் பேசுவதைக் குறையற்ற தமிழிலும், பிறர் மொழியில் தடுமாறுவதைத் தடுமாறும் தமிழிலும் தருதல் நேரிய முறையாகும். அப்போது வங்காளிப் பெண் தன் வீட்டில் செம்மையாகப் பேசுவாள். தமிழ்த் தொழிலாளி அவளிடம் திக்குவான்.

மூன்றாவது, பழங்குடியினரை ஊமையாக்குதல் அல்லது பொருளற்ற ஒலிகளை அவர்கள் வாயில் இடுதல். இங்கு ஒரு வேறுபாடு காணத்தக்கது. சென்டினல் தீவினர் மொழி வெளியாரால் அறியப்படாதது. அவர்களை அணுகுதலும் சட்டப்படி தடுக்கப்பட்டது. அவர்கள் பேச்சைப் புனையாமல் விடுவது பிழையன்று, நேர்மையாகும். எழுதப்பட்ட இலக்கணமும் அகராதியும் கைக்கெட்டும் தொலைவில் இருக்க, பேசுவோரை மௌனமாக்குவதே பிழை.

7. முடிவுரை

1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 625ஆக இருந்த பேரந்தமானியர் தொகை 1961இல் 19ஆகக் குறைந்தது. ஆக்கா-போ மொழியைப் பேசிய கடைசி மூதாட்டி போவா 2010 ஜனவரியில் மறைந்தார். டாயிலின் புதினமோ இன்றும் பல மொழிகளில் படிக்கப்பட்டு வருகிறது. ஒரு மக்களின் பேச்சு மறைந்தபின், அவர்களை அறியாத வாசகரிடம் எஞ்சுவது அவர்களைப் பற்றிய புனைவே. அப்புனைவில் அவர்களுக்கு ஒரு சொல்லேனும் இருந்ததா என்ற வினா, எனவே, நடையழகு பற்றிய வினாக்களுக்கு முன்னதாக எழுப்பப்பட வேண்டியதாகும்.