கூடிப் பாடுதற்குரிய பாட்டு

பாட்டு ஒன்றைப் பாடுதலிலும் அதனைத் தெரிந்தெடுத்தல் அரிது. சபையில் ஒருவர் பாடப் பலர் இருந்து கேட்குமிடத்து இவ்வருமை அத்துணை புலப்படுவதில்லை. பாடகரின் வித்தை பாட்டின் குறையை மறைத்துவிடும். வித்தை அறிந்தாரும் அறியாதாரும் ஒருங்கு கூடி, ஒருவர்பின் ஒருவராய்ப் பாட முற்படுமிடத்தே அது தெற்றென விளங்கும்.

இக்காலத்து யாழ்ப்பாணத்தில், திருமண வீடுகளிலும், பழைய மாணவர் ஒன்றுகூடல்களிலும், விடுமுறைக்குப் பிறநாடுகளினின்று வரும் இளைஞர் தம் உறவினரோடு கூடும் முற்றங்களிலும் கரோக்கி என்னும் யப்பானிய வழக்கம் புகுந்துள்ளது. பாடகர் குரல் நீங்கிய பின்னணி இசை ஒலிக்கும். திரையிற் சொற்கள் ஓடும். ஒலிவாங்கியைப் பற்றியவர் பாடுவார். இத்தகைய கூட்டங்களில் அடிக்கடி நிகழ்வதொன்றுண்டு. சங்கீதப் பரீட்சையில் நன்கு தேறிய ஒருவர், மேற்சுருதியிற் சஞ்சரிக்கும் சினிமாப் பாட்டொன்றைத் தெரிந்து பிழையறப் பாடுவார். கைதட்டலும் எழும். ஆயின், அடுத்துப் பாட எவரும் எழார். பாடியவர் தம் குரலுக்கேற்ற பாட்டைத் தெரிந்தாரேயன்றிக் கூட்டத்துக்கேற்ற பாட்டைத் தெரிந்தாரல்லர்.

இருந்து கேட்டற்குரிய பாட்டை ஆராய நம்மிடம் நெடிய மரபுண்டு. இராகம், பாவம், தாளம், சாகித்தியம் எனப் பகுத்து ஆராய்வோம். கூடிப் பாடுதற்குரிய பாட்டுக்கு அத்தகைய ஆராய்ச்சி இல்லை. ஆகவேதான், 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் ஈழத்தில் எழுந்த தமிழ்ப் பொப்பிசைப் பாடல்களை அறிஞர் பலர் ‘மலிவு’ என்னும் ஒரு சொல்லால் ஒதுக்கினர். கேட்டற்குரிய பாட்டின் அளவுகோலைக் கொண்டு கூடற்குரிய பாட்டை அளந்தமையே அவர் செய்த தவறு.

கரோக்கியின் தோற்றமே இவ்வேறுபாட்டை உணர்த்தும். அச்சொல்லில் ‘கர’ என்பது வெறுமை. ‘ஓகே’ என்பது வாத்தியக்குழுவைக் குறிக்கும் மேனாட்டுச் சொல்லின் யப்பானியக் குறுக்கம். கோபே நகரத்து வாத்தியக்காரரான இனோவே தைசுக்கே என்பார் 1971இல் இதற்கெனக் கருவியொன்றை அமைத்தார். அதற்கு முன்னரும் இதனையொத்த கருவி உண்டு. எனினும் இனோவேயைப் பற்றிய வரலாறு சுவையுடையது. வாடிக்கையாளரான கம்பனித் தலைவர் ஒருவர், தாம் செல்லும் பயணத்துக்கு உடன்வந்து வாசிக்குமாறு அவரை வேண்டினார். செல்ல இயலாத இனோவே, அத்தலைவரின் குரலுக்கும் நடைக்கும் இசைய வாசித்து ஒலிநாடாவிற் பதிந்து கொடுத்தனுப்பினார். பாடத் தெரியாதவனுக்குப் பாட்டு இறங்கிவந்த கதை இது. 2004ஆம் ஆண்டில், நகைக்கென வழங்கப்படும் இக் நோபல் சமாதானப் பரிசு இவருக்குக் கிடைத்தது. மாந்தர் ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ளப் புதுவழி கண்டாராம்! நகையாயினும் பொய்யன்று.

யப்பானில் முதியோரும் இளையோரும் ஒருங்கே பாடும் பாட்டுக்களுள் ஒன்று, ‘மேல்நோக்கி நடப்போம்’ எனப் பொருள்படும் தலைப்பினது. ஏய் ரொக்குசுக்கே இயற்ற, நாக்காமுரா ஹச்சிதாய் இசையமைக்க, சாக்காமொத்தோ கியூ 1961இற் பாடியது. அதன் முதற்பகுதி பெரிதும் ஐந்து சுரங்களில் இயங்குவது. அவ்வைந்தும் நம் மோகனத்துக்குரிய சுரங்களே. நடுவே சொல்லின்றிச் சீழ்க்கையடிக்கும் பகுதியொன்றுண்டு. சொல் மறந்தவனும் அவ்விடத்துச் சேர்ந்துகொள்வான். 1963இல் இப்பாட்டு யப்பானிய மொழியிலேயே அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. அங்கு அதற்கு இட்ட பெயரோ ‘சுக்கியாக்கி’ என்னும் இறைச்சிக் கறியின் பெயர். பாட்டுக்கும் கறிக்கும் யாதொரு தொடர்புமில்லை. இரு நாடுகளுக்குமிடையே நிகழ்ந்த பெரும்போர் முடிந்து அப்போது 18 ஆண்டுகளே கழிந்திருந்தன.

இனி நம் நாட்டுப் பாட்டுக்கு வருவோம். உரும்பிராயைச் சேர்ந்தவரும் பின்னர் அவுஸ்திரேலியாவிற் குடியேறியவருமான நித்தி கனகரத்தினம் பாடிய ‘சின்ன மாமியே’ என்னும் பாட்டு விளியொடு தொடங்கி, மகள் எங்கே என்னும் வினாவொடு செல்வது. விளியும் வினாவும் கூட்டத்துக்கு உகந்தவை. ஒருவர் விளித்தால் மற்றையோர் திரும்பிப் பார்ப்பர். வினவினால் விடைசொல்ல வாய் திறப்பர். அன்றியும் அவ்விளியில் ஒரு நுட்பம் உண்டு. தமிழகத்தார் ‘அத்தை’ என்னும் தந்தையின் உடன்பிறந்தாளும், தாய்மாமனின் மனைவியும் யாழ்ப்பாணத்தில் ‘மாமி’யே. அவள் மகள் மச்சாள், மணமுறை உடையவள். ஆகவே மகளைப் பற்றிய வினா, மேலோட்டத்தில் நலம் விசாரிப்பது போன்றிருப்பினும், உள்ளே உரிமை கோருவது. இதனை விளக்கிக் கூறினால் நகை போய்விடும். விளக்காமலே யாழ்ப்பாணத்துச் சிறுவனும் நகைப்பான். சினிமாப் பாட்டுக்கள் அத்தை மகளைப் பாடிய காலத்து மாமி மகளைப் பாடிய இப்பாட்டு, நம் முறைப்பெயரை ஒலிவாங்கியின் முன் நிறுத்தியது. ரொறன்ரோவிற் பிறந்து தமிழை அரைகுறையாய்ப் பேசும் பிள்ளைக்கும் ‘மாமி’ என்னும் சொல் வீட்டுச் சொல்லாதலின், இப்பாட்டு அவனுக்கும் எட்டுகிறது.

இவரது கள்ளுக்கடைப் பாட்டோ, கள்ளுண்ணப் போகவேண்டா என்று இரப்பது. போதனையிற் குறைவில்லை. ஆயினும் அதனை உரத்துப் பாடுவோர் பெரும்பாலும் அப்போதனையைக் கைக்கொள்ளாதவரே! அறவுரையைக் கேலியாகவும் கேலியை அறவுரையாகவும் ஒருங்கே பாடுதற்கு இடந்தருதல் கூடற்பாட்டின் சிறப்புக்களுள் ஒன்று.

இவ்வியல்பு நமக்குப் புதியதன்று. அண்ணாவியார் நடத்தும் நாட்டுக்கூத்தில் ஆடுவோர் பாடப் பிற்பாட்டுக்காரர் ஏற்றுப் பாடுவர். காத்தவராயன் கூத்தின் மெட்டுக்களோ களரிக்கு வெளியே இருப்போர் வாயிலும் விடியுமட்டும் ஒலிக்கும். மீண்டும் மீண்டும் வரும் அடியே அங்கும் கூட்டத்தைப் பாட்டினுள் அழைக்கும் வாயில். பொப்பிசையாளர் கித்தாரைக் கையில் எடுத்தனராயினும் அவ்வாயிலை அடைத்தாரல்லர். தாளத்தை மட்டும், போர்த்துக்கேயர் வழிவந்த பைலாவிலிருந்து அவருட் பலர் கடன்கொண்டனர்.

பைலா என்றதும் ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ நினைவுக்கு வரும். சிங்களச் சொற்களைக் கொண்டு, தமிழர் வாயிலும் சிங்களர் வாயிலும் ஒருங்கே ஏறிய பாட்டு அது. 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ என்னும் தமிழகத் திரைப்படத்திலும் இளையராஜா இசையிற் புகுந்தது. மனோகரன் 2018இல் மறைந்தார், பாட்டு மறைந்திலது.

இதனைத் தமிழ் இளைஞர் பாடுதல் தகுமோ என்னும் வினா எழாமலில்லை. 1983 யூலையின் பின்னர், மீன் கொண்டுவந்த செய்தியைச் சிங்களத்திற் பாடிக் களித்தல் எங்ஙனம் என்று கேட்போர் கேட்பதில் நியாயம் உண்டு. உடைமையையும் உறவினரையும் இழந்தவர் இருக்கும் கூட்டத்தில் அப்பாட்டைத் தெரிந்தெடுப்பவர் முதலில் அவர் முகத்தைப் பார்த்தல் வேண்டும். ஆயின், அப்பாட்டு எவருடைய வெற்றியையும் பாடவில்லை. சந்தைக்கும் கடற்கரைக்கும் உரிய சில சொற்களையே பாடுகின்றது. பாட்டு ஒன்றினாற் பகை நீங்கியதில்லை. 1977இல் அது திரையில் ஒலித்த ஆண்டிலேயே இந்நாட்டில் இனக்கலவரமும் நிகழ்ந்தது. ஆதலின் அதன்மேல் ஒற்றுமைப் பாரத்தை ஏற்றிப் புகழ்தலும் வேண்டா, துரோகப் பழியைச் சுமத்தி இகழ்தலும் வேண்டா. பாடுவார்க்கு இசைந்தால் பாடுக.

பொப்பிசைப் பாடல்கள் எல்லாம் நல்லன என்பது கருத்தன்று. அக்காலத்துப் பாடல்களுட் பல, தெருவிற் செல்லும் பெண்ணைச் சீண்டுதலையே பொருளாகக் கொண்டவை. கூட்டத்திற் பெண்களும் பாடுவர் என்னும் நினைவு அவற்றை இயற்றியோர்க்கு இருந்ததாகத் தோன்றவில்லை. அவர்களை வாய்மூடி இருக்கச் செய்யும் பாட்டு, தாளம் எத்துணைத் துள்ளினும் கூடற்பாட்டு ஆகாது. ‘சின்ன மாமியே’ இதனின்று தப்புவது, மாமியின் வாய்ப்பட்ட பெண்ணொருத்தி எதிர்நின்று விடையிறுக்க அதில் இடமிருத்தலினாலேயாம். நன்கு பாடும் பெண்பிள்ளைகள் இருவர் மாமியாகி மறுமொழி கூறத் தொடங்கினால், பாட்டு எழுதப்பட்டதிலும் நன்றாகிவிடும்.

தெரிந்தெடுப்பார் நோக்கவேண்டியது இன்னுமொன்று: சுருதி. இப்பாடல்களை முதற் பாடியோர் ஆடவர். பின்னணி இசையும் அவர் குரலுக்கே அமைந்தது. கருவியிற் சுருதியை ஏற்றவும் இறக்கவும் வழியிருந்தும் அதனைத் தொடுவார் சிலரே. முதற்பாட்டு எல்லார்க்கும் எட்டும் சுருதியில் அமைந்தால், கூச்சமுடைய பிள்ளை மூன்றாம் பாட்டுக்குள் எழுந்துவிடும். சங்கீதம் தேறியவர் தம் அரிய பாட்டை அதன்பின் பாடட்டும்; அப்போது கேட்பதற்கும் ஆளிருக்கும்.