நாற்பது மில்லிமீட்டர் விதி

2021 செப்டம்பரில் நடந்த வியன்னா மாரத்தானில் முதலில் எல்லைக்கோட்டைத் தொட்டவர் எத்தியோப்பியாவின் டெராரா ஹுரிசா. நேரம் 2 மணி 9 நிமிடம் 22 விநாடி. அந்த வெற்றி ஒரு மணி நேரம்கூட நிலைக்கவில்லை. அவர் அணிந்திருந்த ஷூவின் அடிப்பாகம் 5 சென்டிமீட்டர் கனம். விதி அனுமதிப்பதோ 4. மூன்று விநாடி பின்னால் வந்த கென்யாவின் லியோனார்ட் லங்காட் வெற்றியாளராக அறிவிக்கப்பட்டார். போட்டிக்கு முன் ஹுரிசா தரப்பில் நிரப்பிக் கொடுத்த படிவத்தில் இருந்தது வேறொரு ஷூ. படிவத்தை நம்பி 42 கிலோமீட்டர் ஓடவிட்டு, ஓடி முடித்தவரின் காலை அளந்திருக்கிறார்கள்.

உலகத் தடகள அமைப்பு இந்த விதியைக் கொண்டுவந்தது 2020 ஜனவரி 31 அன்று. சாலை ஓட்டத்துக்கான ஷூவின் அடிப்பாகம் 40 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. உள்ளே ஒரு தகடுதான் இருக்கலாம். எந்த ஷூவும் கடையில் விற்பனைக்கு வந்து நான்கு மாதம் ஆன பிறகே போட்டிக்கு வர வேண்டும் என்றது அது. தேவையான விதிதான். ஆனால் காலம் தாழ்ந்து வந்தது. 2016 ரியோ ஒலிம்பிக் ஆண்கள் மாரத்தானில் பதக்கம் வென்ற மூவரின் காலிலும் நைக்கியின் வெளிவராத மாதிரி ஷூ இருந்தது. அடுத்த ஆண்டுதான் அது ‘வேப்பர்ஃபிளை’ என்ற பெயரில் கடைக்கு வந்தது. அதாவது, நான்காவதாக வந்தவர் பணம் வைத்திருந்தாலும் அன்று அதை வாங்கியிருக்க முடியாது.

இத்தனைக்கும் தடகளத்தில் இதற்கு முன்னுதாரணம் உண்டு. 1957இல் சோவியத் வீரர் யூரி ஸ்டெப்பானோவ் தடித்த அடிப்பாகம் கொண்ட ஷூ அணிந்து உயரம் தாண்டுதலில் 2.16 மீட்டர் தாண்டி உலக சாதனை படைத்தார். அடுத்த ஆண்டே 13 மில்லிமீட்டர் என்று வரம்பு வந்துவிட்டது. நீச்சலில், 2009 ரோம் உலகப் போட்டியில் 43 உலக சாதனைகள் உடைந்ததும் பாலியூரித்தேன் உடைகளுக்கு 2010 முதல் தடை விழுந்தது. தொலைதூர ஓட்டத்தில் மட்டும் ரியோவுக்குப் பிறகு மூன்றரை ஆண்டுகள் கடந்தன. அதற்குள் பௌலா ராட்கிளிஃப் 2003இல் லண்டனில் வைத்த 2:15:25 என்ற மகளிர் சாதனையை, 2019இல் சிகாகோவில் பிரிஜிட் கோஸ்கெய் 2:14:04 ஆகக் குறைத்துவிட்டார். 16 ஆண்டுகள் நின்ற சாதனை அது.

விதியின் முதல் குறை, கோடு கிழித்த இடத்திலேயே இருக்கிறது. ஏற்கெனவே சந்தையில் இருந்த ஷூவை வெளியேற்றாத அளவுதான் 40 மில்லிமீட்டர். விதி வெளியாகிச் சில நாட்களிலேயே நைக்கி அறிவித்த ‘ஆல்ஃபாஃபிளை’யின் கனம் 39.5 மில்லிமீட்டர்.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. ஸ்கேலால் உயரத்தை அளக்கலாம். வேலை செய்வதோ உள்ளே இருக்கும் ஃபோம். ஒவ்வொரு அடியிலும் அது நசுங்கி, வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதியைக் காலுக்குத் திருப்பித் தருகிறது. வேப்பர்ஃபிளை அணிந்தால் ஓட்டத்துக்குச் செலவாகும் ஆற்றல் சராசரியாக 4 விழுக்காடு குறைகிறது என்று கொலராடோ பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. அதற்கு நைக்கியின் ஆதரவு இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பின்னர் கென்யாவின் முன்னணி வீரர்களை வைத்துச் செய்த மற்றோர் ஆய்வில், இவ்வகை ஷூக்களால் ஒருவருக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் லாபம், இன்னொருவருக்கு ஏறத்தாழ அதே அளவு நட்டம். எல்லோரும் ஒரே ஷூவைப் போட்டுக்கொண்டால் போட்டி சமமாகிவிடும் என்ற வாதம் இதற்கு முன் நிற்காது.

அதற்காகப் பழைய மெல்லிய ஷூவுக்கே திரும்பச் சொல்வதும் சரியல்ல. புதிய ஃபோம் காலுக்கு இதமானது. நீண்ட பயிற்சிக்குப் பிறகு தசைகள் சீக்கிரம் தேறுகின்றன என்று ஓட்டக்காரர்களே சொல்கிறார்கள். தகடும் ஃபோமும் இன்று ஏறக்குறைய எல்லா நிறுவனங்களிடமும் உண்டு. எல்லை தெரிந்திருப்பதால் மற்ற நிறுவனங்களும் துணிந்து போட்டியிட முடிகிறது. இது விதியின் உண்மையான வெற்றி.

அந்த வெற்றியைக் கெடுப்பது, பிறகு சேர்த்த சலுகை. சோதனை நிலையில் உள்ள ஷூவை, அனுமதி பெற்று, 12 மாதம் வரை போட்டிகளில் அணியலாம். ஒலிம்பிக்குக்கும் உலகப் போட்டிக்கும் இது பொருந்தாது. பெரிய பரிசுப் பணம் புழங்கும் நகர மாரத்தான்களுக்குப் பொருந்தும். விற்பனைக்கு வந்தால் மட்டும் போதுமா என்பது அடுத்த கேள்வி. 2023 செப்டம்பரில் பெர்லினில் டிக்ஸ்ட் அசெஃபா 2:11:53 ஓடி, மகளிர் சாதனையை இரண்டு நிமிடத்துக்கு மேல் குறைத்தார். ஓடி முடித்ததும் ஷூவைக் கழற்றி முத்தமிட்டார். 138 கிராம் எடையுள்ள அந்த அடிடாஸ் ஷூவின் விலை 500 டாலர். ஒரு மாரத்தானும் அதற்கு முன் பழகிக்கொள்ளும் ஓட்டமும்தான் அதன் ஆயுள் என்று நிறுவனமே சொன்னது. முதலில் விற்பனைக்கு வந்தவை சில நூறு ஜோடிகள். அதையும் ‘கடையில் கிடைக்கிறது’ என்ற கணக்கில் சேர்த்தால், அந்த நிபந்தனைக்கு என்ன பொருள்?

விதியை இறுக்க முடியாது என்பதில்லை. ஓடுதளப் போட்டிகளில் 800 மீட்டருக்கும் அதற்கு மேற்பட்ட தூரங்களுக்கும் இருந்த 25 மில்லிமீட்டர் வரம்பு, 2024 நவம்பர் முதல் 20 ஆகக் குறைந்தது. சாலை ஓட்டத்திலும் இரண்டு காரியங்கள் செய்தாக வேண்டும். முன்வரிசை வீரர்களின் ஷூவைப் புறப்பாட்டுக்கு முன்பே கையில் வாங்கிச் சரிபார்க்க வேண்டும். சோதனை ஷூவுக்கான 12 மாதச் சலுகையை, சாதனை ஏற்கப்படும் எல்லாப் போட்டிகளிலிருந்தும் உலகத் தடகள அமைப்பு நீக்க வேண்டும்.