வாட்ஸ் கணக்கும் செம்புச் சுருளும்

பினாங்கில் ஜெலுத்தோங் பக்கத்துக் கார் ஆக்சசரி கடைகளில் சப்வூஃபர் மாட்டப் போனால், பெரும்பாலும் முதல் கேள்வி இதுதான்: "சப் எத்தனை வாட்ஸ், பாஸ்?" எண்ணைச் சொன்னதும் தவுக்கே அதே எண் போட்ட ஆம்பை எடுத்து மேசையில் வைப்பார். 300-க்கு 300, 500-க்கு 500. பேச்சு அதோடு முடிந்து விலைக்குப் போய்விடும். சப்வூஃபர் தாங்கும் ஆர்.எம்.எஸ். வாட்ஸுக்கு ஈடாக ஆம்பைச் சேர்க்கும் இந்த வழக்கம் தப்பானதல்ல. பாதியில் நின்றுபோனது என்பதே என் குறை.

முதலில் அதன் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் "1200 வாட்ஸ் மேக்ஸ்" என்பது கண் இமைக்கும் நேரம் தாங்கக்கூடிய உச்சம். சில மலிவுச் சரக்குகளில் அதுகூட இல்லை, வெறும் அச்சு மை. ஆர்.எம்.எஸ். என்பது தொடர்ந்து ஓடும்போது நிற்கும் கணக்கு. ஆம்புகளை 14.4 வோல்ட்டில், 4 ஓமில், ஒரு விழுக்காட்டுக்கு மேல் சிதைவில்லாமல் அளக்கவேண்டும் என்று அமெரிக்க உற்பத்தியாளர்கள் 2003-இல் சி.இ.ஏ.-2006 என்ற அளவுமுறையைக் கொண்டுவந்த பிறகு, அதைக் கடைப்பிடிக்கும் இரண்டு நிறுவனங்களின் எண்களை ஒப்பிட வழி பிறந்தது. சம்பளப் பணத்தைச் சேர்த்துவைத்து வாங்கும் பையனை விளம்பர எண்ணிலிருந்து காப்பாற்றுவது இந்த ஜோடி சேர்ப்புதான். தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் ஒரே எண்ணைச் சொல்லிப் புரிந்துகொள்ளவும் முடிகிறது.

ஆனால் அந்த எண் எதைச் சொல்கிறது? பெரும்பாலும் வெப்பத்தை. கூம்பின் அடியில் இருக்கும் செம்புச் சுருள் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதுதான் அது. கூம்பு எவ்வளவு தூரம் முன்னும் பின்னும் போய்வரலாம் என்பது வேறு கணக்கு. அதில் பெட்டிக்குப் பெரிய பங்கு உண்டு. துளை வைத்த பெட்டியில், அதைச் சுருதி கூட்டிய அளவுக்குக் கீழே ஒலி இறங்கிவிட்டால், கூம்பைப் பிடித்து நிறுத்தக் காற்றின் எதிர்ப்பு இருக்காது. 300 வாட்ஸ் தாங்கும் சப், அங்கே அதில் பாதிகூட வராத சக்தியிலேயே அடித்துக்கொண்டு கிழியலாம். பெட்டிக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள இந்த உறவை ஆஸ்திரேலியரான நெவில் தீல் 1961-லேயே கணக்காக்கினார். ரிச்சர்ட் ஸ்மால் 1970-களில் விரித்தெழுதினார். நம் கடைகளில் பெட்டி இன்னமும் பின் போனட்டில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்த்துத்தான் வாங்கப்படுகிறது.

ஆம்பின் எண்ணோ, அது கொடுக்க முடிந்த சக்தி. கொடுக்கப்போகும் சக்தி அல்ல. இதை நான் பணம் கொடுத்துக் கற்றேன். என் முதல் காரில் 200 வாட்ஸ் சப்புக்கு 150 வாட்ஸ் ஆம்ப் போட்டேன். "கம்மிதானே, சேஃப்" என்றார் மாட்டியவர். கெயின் திருகை முழுக்கத் திருப்பி, பாஸ் பூஸ்ட்டையும் ஏற்றிவிட்டு அனுப்பினார். மூன்று மாதம் உறுமி மேளம் கார் கண்ணாடியை அதிரவைத்தது. ஒரு நாள் கிரீன் லேன் நெரிசலில் பிளாஸ்டிக்கும் வார்னிஷும் சேர்ந்து தீய்ந்த வாடை. வீட்டில் கழற்றி, கூம்பை இரண்டு கையால் மெல்ல அமுக்கினேன். உள்ளே மணலை அரைப்பதுபோல் ஒரு கரகரப்பு. சுருள் கருகி உப்பி, காந்த இடுக்கில் சிக்கியிருந்தது.

நடந்தது இதுதான். ஆம்ப் தன் எல்லையைத் தாண்டித் தள்ளப்படும்போது, வளைந்து ஏறி இறங்க வேண்டிய மின்னலையின் தலை தட்டையாகிவிடும். முழுக்கச் சதுரமாகிவிட்டால் அதே உச்சத்துக்கு இரண்டு மடங்கு சக்தி. என் 150 வாட்ஸ் ஆம்ப் 300-ஐ நெருங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது. இதைப் பார்த்துத்தான் "குறைந்த வாட்ஸ் ஆம்ப் சப்பைக் கொன்றுவிடும்" என்ற எதிர்ப்பேச்சும் கிளம்பியது. அதுவும் அரைகுறை. 50 வாட்ஸ் ஆம்பால் 1000 வாட்ஸ் சப்பைக் கருக்கவே முடியாது. சுருளுக்குத் தெரிவது தொடர்ந்து ஏறும் சூடு மட்டுமே.

ஆகவே உண்மையான பொருத்தம் கடையில் எண் பார்க்கும்போது நடப்பதில்லை, கெயின் திருகில் நடக்கிறது. அது வால்யூம் அல்ல. ரேடியோவிலிருந்து வரும் மின்னழுத்தத்துக்கு ஆம்பை இணங்கவைக்கும் திருகு. 300 வாட்ஸை 2 ஓமில் எடுக்க வேண்டுமானால் 300-ஐ 2-ஆல் பெருக்கி வர்க்கமூலம் பார்த்தால் 24.5 வோல்ட். சப்பைக் கழற்றிவிட்டு, பூஸ்ட்டை அணைத்து, 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, மீட்டரில் அந்த எண் வரும்வரை திருகினால் போதும். பத்து நிமிட வேலை. இதுவும் முழுமையல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஓடும்போது சப்பின் மின்தடை ஒலிக்கு ஒலி மாறும், 2 ஓம் என்று எழுதியது சில இடங்களில் பல மடங்கு ஏறும். சுருள் சூடாகச் செம்பின் தடையும் கூடும். ஆனாலும் கண்ணை மூடித் திருகுவதைவிட இது எவ்வளவோ மேல்.

இன்னொரு ஓட்டை மின்சாரம். 80 விழுக்காடு திறனுள்ள ஆம்ப் 1000 வாட்ஸ் முழுசாகத் தர 13.8 வோல்ட்டில் சுமார் 90 ஆம்பியர் கேட்கும். பினாங்கு வெயிலில் ஏர்கான் ஓயாது. நெரிசலில் நிற்கும்போது ஆல்டர்னேட்டர் தருவதும் குறைவு. ஒவ்வொரு அடிக்கும் முகப்பு விளக்கு மங்கினால், ஆம்ப் பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம். செம்பு பூசிய அலுமினிய வயர் வேறு அதைக் கூட்டும். பட்டினி கிடக்கும் ஆம்ப் இன்னும் சீக்கிரம் தலை தட்டையாகும்.

இவ்வளவுக்கும் 500-இலிருந்து 1000 வாட்ஸுக்குப் போனால் கிடைப்பது 3 டெசிபல். காதுக்கு இரட்டிப்பாகத் தோன்றச் சுமார் 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு சக்தி வேண்டும். உணர்திறன் 4 டெசிபல் கூடிய சப்பைத் தேர்ந்தால், இரண்டரை மடங்கு ஆம்ப் வாங்கிய பலன் வந்துவிடும். அந்த எண்ணைக் கேட்டு வாங்குபவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

1972-இல் பாயான் லெபாஸ் தொழிற்பேட்டை தொடங்கியபோது முதலில் வந்த எட்டு நிறுவனங்களில் கிளாரியனும் போஷும் இருந்தன. இரண்டும் கார் ஒலிக்கருவிகளில் பெயர் வாங்கியவை. இப்படிப்பட்ட ஊரில் கார் ஒலி ஒரே ஓர் எண்ணோடு நின்றுபோவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

போன மாதம் அக்காள் மகனின் மைவி காரில் மீட்டர் வைத்துத் திருகினேன். 24.5-க்கு வந்தபோது திருகு பாதிகூடப் போகவில்லை. "அவ்வளவுதானா மாமா?" என்றான், முகம் வாடி. தவில் தனி ஒன்றைப் போட்டோம். வலந்தலையின் சொற்களுக்கு நடுவே தொப்பியின் அடி ஒவ்வொன்றும் விழுந்தது, விழுந்த இடத்திலேயே நின்றது. பாட்டை நிறுத்தாமல் இறங்கிப்போய் முகப்பு விளக்கைப் பார்த்துவிட்டு வந்தான்.