ஐந்து கட்டையில் ஒரு டிரம் மெஷின்

பெங்களூரின் லிங்கராஜபுரத்தில் பாட்டு வேலை பார்ப்பவர்களிடம் தாளத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் ரிதம் பேடில்தான் போய் நிற்கும். சபைப் பாடலோ கல்யாண ஆர்கெஸ்ட்ராவோ கானாவோ, ஒரு கீபோர்டும் ஒரு பேடும் இருந்தால் மேடை ஏறிவிடலாம். ஒலிப்பதிவு வேறு கதை. அடுத்தடுத்த வீடுகள் ஒரே சுவரைப் பகிர்ந்து நிற்கும் தெருக்களில் நிஜ டிரம்ஸ் வைத்து அடிக்க வழியே இல்லை. அதனால் மாடியறை ஸ்டுடியோக்களில் தாளம் முழுக்கக் கணினிக்குள்ளேயே பிறக்கிறது. கொஞ்ச காலமாக அங்கே வரும் இளைஞர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "808 போடுங்கண்ணா."

808 என்பது ரோலண்ட் நிறுவனத்தின் பழைய டிரம் மெஷின். அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அது அல்ல. யாரோ ஒருமுறை பதிவு செய்து வைத்த ஒரு கிக் சத்தம், அதாவது சாம்பிள். அதையே பாட்டு முழுக்க ஒட்டுகிறார்கள். நான் இங்கே எழுதப்போவது வேறு வகை மென்பொருளைப் பற்றி: பழைய எந்திரத்தின் மின்சுற்றையே கணக்காக மாற்றி, ஒவ்வொரு அடியையும் அந்த நொடியில் புதிதாக உண்டாக்கும் பிளகின்கள். ரோலண்ட் நிறுவனமே வெளியிடும் டிஆர்-808, டிஆர்-909 பிளகின்கள், போலந்தின் டி16 குழுமம் செய்த நெபட்டான், டிரமேசான் ஆகியவற்றைத் தமிழ்ப் பாடல்களில் பயன்படுத்திப் பார்த்தேன். நெபட்டான் 808-இன் மறுபிறப்பு, டிரமேசான் 909-இன் மறுபிறப்பு.

808-இன் மூல எந்திரம் 1980-ல் வந்தது. 1983-ல் உற்பத்தி நின்றது. மொத்தம் 12,000 அளவில்தான் செய்தார்கள். அன்றைய விலை 1,195 டாலர். இன்று நல்ல நிலையில் உள்ள ஒன்றை வாங்கப் பல லட்சம் ரூபாய் வேண்டும். நிஜ டிரம்ஸ் போலவே இல்லை என்பதுதான் அன்றைக்கு அதன் மேல் சொல்லப்பட்ட குறை. அதே 1980-ல் ரோஜர் லின் உருவாக்கிய எல்எம்-1 டிரம் மெஷின், நிஜ டிரம்ஸின் பதிவுகளைச் சில்லுகளில் அடைத்து ஐயாயிரம் டாலர் அளவில் விற்பனைக்கு வந்தது. 808-இல் பதிவு செய்த ஒலி எதுவும் கிடையாது. எல்லாம் மின்சாரம் உண்டாக்கிய ஒலி. சலசலப்புக்காகத் தரச் சோதனையில் தோற்ற டிரான்சிஸ்டர்களையே தேடி வாங்கிப் போட்டதாகவும், குறைக்கடத்தித் தொழில் முன்னேறி அந்தப் பழுதான பாகங்கள் கிடைக்காமல் போனதால் எந்திரத்தை நிறுத்த வேண்டி வந்ததாகவும் ரோலண்டின் நிறுவனர் இகுதாரோ ககேஹாஷி பின்னாளில் சொன்னார்.

நம் நாட்டில் இந்த எந்திரத்தை ஆரம்பத்திலேயே முழு மனதோடு நம்பியவர் சரண்ஜித் சிங். பம்பாய் திரையிசையில் வாத்தியக்காரராக இருந்தவர். 1982-ல் டிஆர்-808, டிபி-303 பேஸ் சிந்தசைசர், ஜூப்பிட்டர்-8 கீபோர்டு மூன்றையும் இணைத்து, லலித், தோடி, யமன், மால்கௌன்ஸ் என்று பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தின் மேல் வாசித்து 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்ற இசைத்தட்டைப் பதிவு செய்தார். அன்று விற்கவில்லை. 2010-ல் மறுவெளியீடு வந்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. சிகாகோவில் அதே 303 பெட்டியிலிருந்து ஆசிட் ஹவுஸ் என்ற இசைவகை பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பே அவர் அந்த இடத்துக்குப் போய்விட்டிருந்தார். 2015-ல் காலமானார். அந்தத் தட்டை நான் திரும்பத் திரும்பக் கேட்பதற்கு வேறு காரணம். தாளம் அசையாமல் நிற்கிறது, ராகம் அதன் மேல் தாராளமாக உலாவுகிறது. இரண்டும் ஒன்றையொன்று இடிக்கவில்லை. இந்தக் காலத்து 808 பாட்டுகளில் அடிக்கடி இடிக்கிறது. ஏன் என்று தேடப் போனதில்தான் இந்த மென்பொருளின் அருமை எனக்குப் புரிந்தது.

808-இன் கிக் என்பது, காதுக்கு எப்படிக் கேட்டாலும், ஒரு சுரம். ஒரு சின்ன மின்துடிப்பு ஓர் அதிர்வுச் சுற்றைத் தட்டிவிடுகிறது. அது சுமார் 50 ஹெர்ட்ஸில் ஒலித்து மெல்ல அடங்குகிறது. நம் கணக்கில் அது ஐந்து கட்டை சட்ஜத்துக்குப் பக்கம், ஜி. டீக்கேயை (நாதம் அடங்கும் நேரத்தை) நீட்டினால் ஐந்து கட்டையில் ஒரு நீண்ட தாழ்நாதம் பாட்டின் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். பாட்டு ஒரு கட்டையில் இருந்தால் அது பஞ்சமம். தம்புரா போலப் பொருந்திவிடும். இரண்டு கட்டையில் சுத்த மத்யமம். பெரிய தொல்லை இல்லை. நான்கு கட்டையில் சதுச்ருதி ரிஷபம், காதை உறுத்தும். பெண் குரலுக்கு அடிக்கடி வரும் ஐந்தரைக் கட்டையில்தான் பெரிய சிக்கல். சட்ஜத்துக்கு அரைச்சுரம் கீழே கிக் முனகிக்கொண்டிருக்கும். பாடகி சுருதி விலகுகிறார் என்று எல்லோரும் நினைப்பார்கள். விலகுவது கிக்.

மூல எந்திரத்தின் கிக்கில் லெவல், டோன், டீக்கே என்று மூன்றே குமிழ்கள். சுருதி மாற்றும் குமிழ் கிடையாது. மென்பொருளில் அது உண்டு. ஐந்தரைக்கு 52 ஹெர்ட்ஸ் பக்கம், ஆறு கட்டைக்கு 55 ஹெர்ட்ஸ். இதை முதலில் சரிசெய்துவிட்டு மற்ற வேலைக்குப் போனால் பாதி மிக்ஸிங் அங்கேயே முடிந்துவிடுகிறது. சாம்பிளையும் சுருதி மாற்றலாமே என்று கேட்பீர்கள். மாற்றலாம். ஆனால் பதிவை ஏற்றி இறக்கும்போது அடியின் முனையும் அதோடு சேர்ந்து மாறும். இரண்டு மூன்று சுரம் நகர்ந்தாலே ஒன்று கொழகொழக்கும், அல்லது சுருங்கிவிடும். சுற்று மாதிரியில் தட்டல் தன் இடத்தில் நிற்க, நாதம் மட்டும் நகர்கிறது.

அடுத்த வித்தியாசம் அடுத்தடுத்த அடிகளில். முதல் கிக்கின் நாதம் அடங்கும் முன்னே இரண்டாவது விழுந்தால், நிஜ எந்திரத்தில் துடிப்பு ஏற்கெனவே அசைந்துகொண்டிருக்கும் சுற்றின் மேல் விழுகிறது. அசைவு அந்தக் கணத்தில் எந்தப் பக்கம் போகிறதோ அதைப் பொறுத்து இரண்டாவது அடி பெருக்கும், அல்லது கொஞ்சம் அமுங்கும். ஊஞ்சலைப் பின்னாலிருந்து தள்ளும் கை எந்த நேரத்தில் படுகிறது என்பதைப் போல. சாம்பிளில் இந்தப் பேச்சே இல்லை: பழையது வெட்டப்படும், அல்லது இரண்டு பிரதிகள் ஒன்றன்மேல் ஒன்று ஓடும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் இசைக்கணினி ஆய்வு மையத்தில் கர்ட் வெர்னரும் உடன் ஆய்வாளர்களும் 2014-ல் இந்த ஒரு கிக் சுற்றை மட்டும் பகுதி பகுதியாகப் பிரித்து ஆராய்ந்து கட்டுரை எழுதினார்கள். அடி விழுந்த முதல் கணத்தில் சுருதி ஏன் குதிக்கிறது, அடங்கும்போது ஏன் பெருமூச்சுபோல இறங்குகிறது என்பதற்கெல்லாம் அதில் விளக்கம் உண்டு. ஒரு சத்தத்துக்குள் இத்தனை நடக்கிறது.

ஹை-ஹாட்டும் அப்படியே. ஆறு சதுர அலை ஆஸிலேட்டர்கள் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அடிக்கும்போது வடிகட்டிகளின் வழியே ஒரு வாசல் திறக்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் அலைகள் வேறு நிலையில் இருப்பதால் இரண்டு அடிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. வேகமான பதினாறாம் பாகத்தில் காதை அறுக்காமல் ஓடுவது இதனால்தான். கௌபெல் சத்தமும் அந்த ஆறில் இரண்டின் கூட்டு. சபை மேடைகளில் நெடுநாள் பேட் வாசித்த ஒரு அண்ணனிடம், எது எது என்று சொல்லாமல், சாம்பிள் ஹாட்டையும் பிளகின் ஹாட்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினேன். இரண்டாவது வந்ததும், "இதுல கை இருக்கு தம்பி" என்றார். சுற்று, ஆஸிலேட்டர் என்று எதுவும் அவரிடம் நான் பேசியிருக்கவில்லை.

இந்த மென்பொருள் வாங்கத் தகுந்தது என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். சாம்பிள் ஒரு சத்தத்தைக் கொடுக்கிறது. இது ஒரு வாத்தியத்தையே கொடுக்கிறது. அழுத்தம் மாறினால் தன்மையும் மாறுகிறது. 808-இன் ஆக்சன்ட் ஒரு படியில் விழும் எல்லா வாத்தியங்களையும் சேர்த்துத் தூக்கும். துடிப்பின் மின்னழுத்தம் ஏறுவதால் சத்தம் கூடுவதோடு முனையும் கூர்மையாகும். சமத்திலும் வீச்சிலும் மட்டும் ஆக்சன்ட் வைத்துப் பாருங்கள், தாளம் மூச்சுவிடும்.

தாளக் கணக்குக்கு வருவோம். பதினாறு பொத்தான்களைப் பார்த்ததும் இது நாலு நடைக்கு மட்டுமே என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். பழைய பெட்டியிலேயே திஸ்ர நடைக்கு மாற வசதி இருந்தது. பன்னிரண்டு படிகளில் குத்துப் பாட்டின் ஆறெட்டு அழகாக உட்காரும். ரோலண்டின் பிளகினில் இன்னும் ஒரு படி மேலே போய், ஒவ்வொரு வாத்தியத்துக்கும் கடைசிப் படியைத் தனித்தனியே வைக்க முடிகிறது. கிக்கைப் பதினாறில் விட்டு, கௌபெல்லை ஏழில் நிறுத்தி "தகிட தகதிமி" போட்டேன். 112 படிகள், அதாவது ஏழு ஆவர்த்தனம் கழித்து இரண்டும் சமத்தில் சேர்கின்றன. தனி ஆவர்த்தனம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. இதற்குமுன் கட்டங்களில் கையால் வெட்டி ஒட்டிச் செய்த வேலை, இங்கே ஒரு குமிழைத் திருப்பும் நேரத்தில் முடிகிறது. இந்த ஒரு வசதிக்காகவே மிருதங்கம் படித்த பிள்ளைகள் கையில் இதைக் கொடுத்துப் பார்க்க ஆசை.

ஆனால் எல்லாவற்றுக்கும் இது ஆகாது. உறுமியின் இழுப்பு இதில் வராது. பறையின் தோல், குச்சி, நெருப்பில் காய்ச்சிய இறுக்கம் எதுவும் வராது. காங்காவைச் சுருதி ஏற்றி ஒப்பேற்றுவது கேட்பவருக்குத் தெரிந்துவிடும். அவற்றுக்கு ஆளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வதே மரியாதை. அதேசமயம், நிஜ டோலக்கோடு 808 கிக் நன்றாக ஒத்துப்போகிறது. டோலக்கின் பெரிய முகம் பேசும் இடத்துக்குக் கீழே கிக் நிற்பதால் இரண்டும் அடித்துக்கொள்வதில்லை. கைத்தட்டலும் சபைப் பாடல்களுக்கு அருமை. இரைச்சலை நூறில் ஒரு நொடி அளவு இடைவெளிகளில் அடுத்தடுத்துத் திறந்து மூடி, பலர் சேர்ந்து தட்டுவதுபோல ஆக்கியிருக்கிறார்கள். சபையார் தட்டிய பதிவின் அடியில் மெல்லியதாக இதை வைத்தால் சிதறல் ஒழுங்குக்கு வருகிறது.

909 பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிக், ஸ்னேர், டாம் மூன்றும் சுற்றுகளில் பிறப்பவை. அவற்றுக்குப் பிளகின் நியாயம். ஹாட்டும் சிம்பலும் 1983-லேயே ஆறு பிட் சாம்பிள்கள்தான். அங்கே நல்ல சாம்பிள் தொகுப்புக்கும் பிளகினுக்கும் பெரிய தூரம் இல்லை. லின்டிரம், டிஆர்-707 போன்ற முழுச் சாம்பிள் எந்திரங்களுக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். எண்பதுகளின் தமிழ்த் திரைப்பாட்டு வாசனைக்காக இந்த வழிக்கு வருகிறவர்கள், அந்த எந்திரங்களின் நல்ல சாம்பிள்களை வாங்கினால் போதும். பணத்தை 808-க்கு வையுங்கள். 909-இன் ஷஃபிள் (அடிகளைச் சற்றே தள்ளி ஆடவிடும் வசதி) மட்டும் விலக்கு. பழைய 808-இல் ஷஃபிளே இல்லை. புதிய பிளகின்களில் சேர்த்திருக்கிறார்கள்.

ரோலண்டா, டி16-ஆ? ரோலண்டின் கிக் எனக்கு அதிகம் பிடிக்கிறது. நெபட்டானில் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனிப் பாதையில் வெளியே எடுத்து மிக்ஸ் செய்வது சுலபம், குமிழ்களும் கூடுதல். ரோலண்டைச் சந்தாவாகவும் எடுக்கலாம், ஒரேமுறை பணம் கட்டி நிரந்தரமாகவும் வாங்கலாம். இங்கே மாத வருமானம் ஏறி இறங்கும் கலைஞர்களுக்கு நிரந்தரமாக வாங்குவதையே சொல்வேன். மென்பொருள் மறுபிறப்புகள் காணாமலும் போகின்றன. 808-ஐயும் 303-ஐயும் 1997-லேயே கணினித் திரைக்குக் கொண்டுவந்த ரீபர்த் என்ற மென்பொருள் 2005-ல் கைவிடப்பட்டது. அதன் ஐபேட் வடிவமும் 2017-ல் ரோலண்டின் ஆட்சேபத்தால் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. ஆகவே பாட்டு முடிந்ததும் தாளத் தடங்களைத் தனித்தனி ஆடியோவாக இறக்கி வையுங்கள். பழைய மடிக்கணினிகளுக்கும் அதுவே நல்லது. சுற்றைக் கணக்கிடும் பிளகின்கள் பிராசஸரை நன்றாகவே தின்னும். நாலு ஜிபி ரேம் உள்ள கணினியில் குரல் பதிவோடு சேர்த்து ஓட்டாதீர்கள்.

இன்னொன்று, இந்தப் பகுதி ஸ்டுடியோக்களுக்கென்றே. சின்ன அறையில், சின்ன ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் கேட்காது. கேட்கவில்லை என்று சத்தத்தை ஏற்றினால் பக்கத்து வீட்டுச் சுவர்தான் அதிரும். கேட்பவர் போனில் அப்போதும் ஒன்றும் வராது. கிக்கில் கொஞ்சம் சாச்சுரேஷன் (மெல்லிய சிதைவு) சேர்த்தால் 100, 150, 200 ஹெர்ட்ஸ் என்று மேலே மேலே கிளைநாதங்கள் முளைக்கும். போன் ஸ்பீக்கரில் அவற்றில் மேலே உள்ளவை கேட்கும். அடியில் இருக்கும் நாதத்தைக் காதே நிரப்பிக்கொள்ளும். இதை ஹெட்போனில் செய்யுங்கள். பிறகு போனில் ஒருமுறை, ஆட்டோவில் போகும்போது ஒருமுறை கேளுங்கள். பாடகரின் கட்டை கடைசி நேரத்தில் மாறினால், மற்ற எதையும் தொடும் முன் கிக்கின் சுருதியை மாற்றுங்கள்.