துடிப்பினூடே ஒரு பிடி

தெஹியோவிட்டைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் விடியற்காலையில் பால் வெட்டும் கைகளைப் பார்த்தே வளர்ந்தேன். பட்டை மட்டும் சுருளாக உரியும். உள்மரத்தில் கத்தி படாது. அதே பதம்தான், கசியும் இதய வால்வில் மைட்ராக்ளிப் என்ற சிறு கவ்வியைப் பொருத்தும் கைகளிலும்.

நெஞ்சைப் பிளப்பதில்லை. தொடைச் சிரையில் ஒரு துளை. அதன் வழியே மெல்லிய குழாய் இதயத்துக்கு ஏறி, நடுச்சுவர் தாண்டி இடப்பக்கம் போகும். அங்கே சரியாக மூடாத வால்வின் இதழ்கள் இரண்டும் படபடத்துக்கொண்டிருக்கும். இதயம் நிற்காது, கிளிப்தான் பொறுத்திருக்க வேண்டும். எக்கோ திரையில் பின்னோக்கிப் பீறிடும் ரத்தத்தைப் பார்த்தபடி, இரண்டு இதழும் சேர்ந்து அகப்படும் துடிப்பில் மெல்லக் கவ்வுவார்கள். பிடி சரியில்லையென்றால் விட்டுவிட்டு மறுபடி. கசிவு கொஞ்சம் மிஞ்சலாம். ஆனால் அந்தப் பீறிடல் தணியும் கணம் எத்தனை அழகு! கிளிப்பின் மேல் பாலியஸ்டர் துணி போர்த்தியிருக்கும். வெட்டிய மரத்தில் புதுப்பட்டை வருவதுபோல, மாதங்கள் போகப் போக இதயத்தின் சொந்தச் சதையே அதன்மேல் படரும்.