இருந்திருந்தால்: அபாயும் ஆங்கில இலக்கணப் பயிற்சியும்

ஒரு கவிஞர் 'மரபு' ஆக்கப்படுவது எந்த இலக்கணத்தில்? கஸாக் கவிஞர் அபாய் குனன்பாயுலியைப் (1845–1904) பொறுத்தவரை, நிபந்தனை வாக்கியத்தில் என்பேன். கஸாக்ஸ்தானின் ஆங்கில வகுப்புகளில் 'கண்டிஷனல்' பாடத்தையும் அபாயின் பண்பாட்டுக் கொடையையும் ஒன்றாகக் கட்டி நடத்தும் பயிற்சிகள் உண்டு. பாதி வாக்கியம் தரப்படும். மீதியை மாணவர் நிரப்ப வேண்டும். அபாய் ரஷ்ய மொழி கற்றிருக்காவிட்டால்? புஷ்கினைக் கஸாக்கில் தந்திருக்க மாட்டார். அபாய் இன்று உயிரோடிருந்தால்? நம்மைக் கண்டு பெருமைப்படுவார். இந்த மாதிரிதான் போகும்.

மொழிப் பயிற்சிதானே, இதில் என்ன தப்பு என்று கேட்கலாம். சரி, மொழிப் பயிற்சிதான். ஆனால் விடை முன்கூட்டியே தயாராக இருக்கிறது. ஆங்கிலத்தின் மூன்றாம் வகை நிபந்தனை நடக்காததைப் பேசுவது. நடந்ததை இனி மாற்ற முடியாது என்று ஒப்புக்கொண்ட பிறகே அது வாயைத் திறக்கும். அபாய் இல்லாதிருந்தால் நாம் இல்லை என்று மாணவர் எழுதும்போது, அபாய் இருந்தார், ஆகவே எல்லாம் நடக்க வேண்டியபடியே நடந்தது என்ற பெருங்கதையாடல் சத்தமில்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. வினைச்சொல்லின் பிழை திருத்தப்படும். வரலாற்றின் பிழை யார் கண்ணிலும் படாது. புனிதப்படுத்துதலின் வேலைமுறை இதுதான்.

இந்தக் 'கொடை' கைக்கு வந்த வழியைப் பார்ப்போம். உயிரோடிருந்தவரை அபாய்க்குத் தொகுப்பு என்று ஒன்று கிடையாது. பாட்டாகவும் கையெழுத்துப் பிரதியாகவும் புல்வெளியில் சுற்றியவர். புஷ்கினின் தத்யானா எழுதும் கடிதத்தைக் கஸாக்கில் ஆக்கி மெட்டமைத்தார். ரஷ்ய எழுத்தே தெரியாதவர்கள் அதைப் பாடித் திரிந்தார்கள். முர்செயித் என்பவர் கவிதைகளைப் பிரதியெடுத்துக் காத்தார். உறவினர் கக்கித்தாயும் மகன் துரகுலும் சேர்த்த முதல் தொகுப்பு, அபாய் இறந்து 5 ஆண்டு கழித்து 1909இல் பீட்டர்ஸ்பர்க்கில் அச்சானது. 1913இல் அவரைக் கஸாக்கியரின் தலைமைக் கவிஞர் என்று கட்டுரை எழுதி நிறுத்தியவர் அஹ்மத் பைதுர்சினோவ். 1937இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அபாய்க்கு இரங்கல் கட்டுரை எழுதிய அலிகான் புக்கெய்கானோவும் அதே ஆண்டில் கொல்லப்பட்டார். அபாயின் அண்ணன் மகனான கவிஞர் ஷக்கரீம் 1931இல் ஷிங்கிஸ் மலைப் பகுதியில் கொல்லப்பட்டார். அவர் எழுத்து பல பத்தாண்டுகள் அச்சேறவில்லை. அந்த ஆண்டுகளின் கட்டாயக் கூட்டுப்பண்ணையும் பஞ்சமும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கஸாக்கியரைத் தின்றன.

முக்தார் அவுயெசோவ் 1930இல் கைதானார். பழைய கருத்துகளைக் கைவிடுவதாகப் பகிரங்கமாக எழுதிக் கொடுத்த பின் 1932இல் வெளியே வந்தார். உலகம் அறிந்த அபாய், அவர் 1942 முதல் 1956 வரை 4 பாகங்களாக வெளியிட்ட நாவலில் உருவான அபாய். அந்த நாவலின் தொடக்கப் பகுதிக்கு ஸ்டாலின் பரிசு கிடைத்தது 1949இல். அதே 1949 ஆகஸ்ட் 29 அன்று, அபாயின் மலைநாட்டுக்குப் பக்கத்திலேயே சோவியத் யூனியன் தன் முதல் அணுகுண்டை வெடித்தது. 1989 வரை அந்த செமிபலாட்டின்ஸ்க் திடலில் 456 சோதனைகள். ஒரு கையால் கவிஞருக்கு மாலை. மறு கையால் அவர் மண்ணுக்குக் கதிர்வீச்சு.

இவர்கள் கொல்லப்படாதிருந்தால்... குண்டு வெடிக்காதிருந்தால்... இவையும் மூன்றாம் வகைதான், இலக்கணம் துல்லியம். இன்றைய கஸாக்ஸ்தான் இவர்களை மறந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆண்டுதோறும் மே 31 அவர்களுக்கான நினைவு நாள். ஆனால் நினைவு நாள் ஒரு பக்கம், அபாய் புகழ் இன்னொரு பக்கம் என்று பிரித்து வைத்தால், கொடை யார் செத்து வந்தது என்ற கேள்வி விழுந்துபோகிறது.

அபாயே ஒரு நிபந்தனை வாக்கியம் எழுதியிருக்கிறார். 45 'சொற்கள்' என்று எண்ணிட்டு அறியப்படும் அவரது உரைநடையில் 37ஆவதில் வருகிறது. சட்டத்தின் பலம் தன்னிடம் இருக்குமானால், மனிதக் குணத்தைத் திருத்தவே முடியாது என்பவனின் நாக்கை அறுத்துவிடுவதாகச் சொல்கிறார். கஸாக்கிலும் தமிழைப் போலவே நிபந்தனை வினையின் வாலில் ஒட்டும். நமக்கு 'ஆல்', அவர்களுக்கு 'ஸ', 'ஸெ'. ஒரு வித்தியாசம். 'வந்தால்' என்பதை வைத்து யார் வந்தால் என்று சொல்ல முடியாது. கஸாக்கில் அந்த விகுதிக்குப் பின்னாலேயே நான், நீ, நாம் என்று ஆள் வந்து நிற்கும். அபாயின் நிபந்தனைக்குள் 'நான்' ஒட்டிக்கொண்டிருக்கிறது. இது பதவியைக் கண்டிராதவரின் ஏக்கமும் கிடையாது. வட்டார நிர்வாகத் தலைவராக இருந்து பார்த்தவர். அதிகாரத்தால் முடிந்ததும் முடியாததும் அவருக்குத் தெரியும். நாக்கை நம்பி வாழும் கவிஞரே நாக்கை அறுக்க நினைக்கும் வன்முறையை நான் மூடிமறைக்கப் போவதில்லை. சீர்திருத்தவாதியின் அன்புக்குள் ஒரு கத்தி இருக்கிறது. வாசிப்பு தொடங்க வேண்டிய இடமே அதுதான்.

ரஷ்ய மொழி படியுங்கள் என்று சொன்ன அபாய் எல்லா அரசுகளுக்கும் வசதியானவர். சோவியத் காலத்தில் அது மக்களினங்களின் நட்பு ஆனது. 2007இல் கஸாக், ரஷ்யன், ஆங்கிலம் என்ற மும்மொழித் திட்டம் அறிவிக்கப்பட்ட பின், ரஷ்யன் இருந்த இடத்தில் ஆங்கிலத்தை வைத்து அபாயைப் படிப்பது சுலபமாகிவிட்டது. படித்தால் உலகம் திறக்கும்: முதல் வகை நிபந்தனை, வாக்குறுதியின் இலக்கணம். ஆனால் அந்த 25ஆம் சொல்லிலேயே இன்னொரு பாதி இருக்கிறது. பிள்ளைக்கு ரஷ்யப் படிப்பு கொடுப்பவர்கள், அந்த ஆயுதத்தை வைத்துச் சொந்த ஜனங்களையே குறிபார்க்கிறார்கள் என்று குமுறுகிறார். யாருக்காகப் படிக்கிறாய், யாருக்கு எதிராகப் படிக்கிறாய்? பயிற்சித் தாள் இந்தப் பாதியை வெட்டிவிடுகிறது.

மாஸ்கோவின் சிஸ்தியே புருதியில் 2006இல் வைக்கப்பட்ட அபாய் சிலை இரண்டு அரசுகளின் நட்புச் சின்னம். 2012 மே மாதம், புதின் மறுபடி ஜனாதிபதியானதை எதிர்த்தவர்கள், போலீஸ் துரத்தத் துரத்த அந்தச் சிலையடிக்கு வந்து உட்கார்ந்தார்கள். 'ஆக்குப்பை அபாய்' என்று பெயர் விழுந்தது. வந்தவர்களில் பலருக்கு இந்த ஆள் யாரென்றே தெரியாது. யார் இவர் என்று கேட்டுத் தேடிப் படித்தார்கள். சில நாட்களில் முகாம் கலைக்கப்பட்டது. ஆனாலும் விடை தயாராக இல்லாத ஒரு கேள்வியில் அபாய் அந்த வாரம் புழங்கினார்.

பயிற்சியை நிறுத்து என்று நான் சொல்லமாட்டேன். அபாயைப் பற்றிய பாதி வாக்கியத்தை எடுத்துவிட்டு, அவர் செய்ததை மாணவர் செய்ய விடலாம். 'அதிகாரம் என் கையில் இருந்தால்...' என்று மட்டும் கரும்பலகையில் எழுதிவிட்டு ஆசிரியர் ஒதுங்கிக்கொள்ளட்டும். சோதனைத் திடல் பக்கத்து ஊர்ப் பிள்ளை ஒன்று என்ன எழுதும் என்று பாடத்திட்டத்தால் சொல்ல முடியாது. ஆங்கிலம் கொஞ்சம் தப்பாக வரலாம். வரட்டுமே.