பிளாக் மவுண்டன் கல்லூரியின் அரங்க நிகழ்வுகள்: ஒரு மதிப்பீடு

பிளாக் மவுண்டன் கல்லூரி அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ஆஷ்வில் நகருக்கு அருகில், 1933 முதல் 1957 வரை இயங்கிய சிறிய கல்லூரி. கலையைக் கல்வியின் நடுவில் வைத்தது இதன் தனித்தன்மை. இருபதாம் நூற்றாண்டின் ஓவியம், இசை, நடனம், கவிதை ஆகிய துறைகளில் பெயர் பெற்ற பலர் இங்கே கற்பித்தார்கள் அல்லது கற்றார்கள். இங்கு நடந்த இசை நிகழ்ச்சிகள், நாடகங்கள், உரைகள், ஒளிப்படக் காட்சிகள் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. ஆனால் அந்த எழுத்துகளில் பெரும்பகுதி 1952 கோடையில் நடந்த ஒரே ஒரு நிகழ்ச்சியைச் சுற்றியே அமைந்துள்ளது. அந்தப் புகழ் கல்லூரியின் உண்மையான சாதனையை மறைத்துவிட்டது. அந்தச் சாதனையை அறிய, மேடையில் என்ன நடந்தது என்று பார்ப்பதோடு, யார் எங்கே அமர்ந்து பார்த்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

கல்லூரியும் சனிக்கிழமை இரவும்

புளோரிடாவின் ராலின்ஸ் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்ட ஜான் ஆண்ட்ரூ ரைஸ் என்னும் பேராசிரியரும் அவருடைய நண்பர்களும் சேர்ந்து இக்கல்லூரியைத் தொடங்கினார்கள். வெளியிலிருந்து ஆட்சி செய்யும் அறங்காவலர் குழு இதற்குக் கிடையாது. ஆசிரியர்களே நிர்வாகிகள், நிர்வாகத்தில் மாணவர்களுக்கும் இடம் உண்டு. கட்டாயப் பாடங்கள் இல்லை. பண்ணை வேலை, சமையலறை வேலை, கட்டட வேலை அனைத்திலும் ஆசிரியர்களும் மாணவர்களும் பங்கேற்றார்கள். 1941-இல் ஈடன் ஏரிக் கரைக்குக் கல்லூரி மாறியபோது, வகுப்புகளுக்கான கட்டடத்தை அவர்களே எழுப்பினார்கள்.

ஜெர்மனியில் நாஜிகளின் நெருக்கடியால் பௌஹாஸ் கலைப்பள்ளி 1933-இல் மூடப்பட்டது. அங்கிருந்த ஜோசப் ஆல்பர்ஸும் அவருடைய மனைவி ஆனி ஆல்பர்ஸும் அதே ஆண்டில் இங்கு வந்து சேர்ந்தார்கள். பௌஹாஸிலிருந்து வந்த இன்னொருவர் சாந்தி ஷவின்ஸ்கி. இவர் 1936 முதல் 1938 வரை மாணவர்களைக் கொண்டு வடிவம், நிறம், ஒலி, அசைவு ஆகியவற்றை மேடையில் இணைத்துக் காட்டினார். கதையோ கதாபாத்திரமோ இல்லாமல் நாடகம் நடத்த முடியும் என்பது 1952-க்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே இங்கு சோதித்துப் பார்க்கப்பட்டது.

வார நாட்களில் வகுப்பும் உடலுழைப்புமாக இருந்த கல்லூரி, சனிக்கிழமை மாலையில் வேறு கோலம் கொள்ளும். எல்லோரும் நல்ல உடை உடுத்தி விருந்துக்கு வருவார்கள். அதன் பின் கச்சேரியோ நாடகமோ நடனமோ இருக்கும். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆட்கள் வருவதுண்டு. ஏரிக் கரைக்கு வந்த பின்னர் உணவுக்கூடமே அரங்கமாகப் பயன்பட்டது. காலையில் அதே கூடத்தில் பாத்திரம் கழுவிய மாணவர் இரவில் அங்கே வயலின் வாசிப்பார். அடுத்த வாரம் அவர் பார்வையாளர் வரிசையில் இருப்பார். அவருடைய ஆசிரியர் மேடையில் இருப்பார். ஒரே சமயத்தில் நூறு மாணவர்கள்கூடச் சேராத கல்லூரியில் நிரந்தரப் பார்வையாளர் என்று ஒரு பிரிவு உருவாக வழியே இல்லை. இந்த வாராந்தரப் பழக்கமே பின்னாளில் நடந்த பெரிய நிகழ்ச்சிகளுக்கெல்லாம் அடித்தளம்.

1944–45: பிரிக்கப்படாத இருக்கைகள்

அக்கால வட கரோலினாவில் பள்ளி, பேருந்து, உணவகம், அரங்கம் எல்லாவற்றிலும் கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் தனித்தனி இடம் ஒதுக்குவது சட்டமாகவும் வழக்கமாகவும் இருந்தது. கறுப்பின மாணவர்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது குறித்துக் கல்லூரிக்குள் நீண்ட விவாதம் நடந்தது. ஆசிரியர்கள் பிளவுபட்டு நின்றார்கள். கொள்கையளவில் ஒப்புக்கொண்ட சிலரும் சுற்றுப்புறத்தாரின் பகையை நினைத்துத் தயங்கினார்கள். இறுதியில் 1944 கோடைகால இசைப் பயிலகத்தில் ஆல்மா ஸ்டோன் வில்லியம்ஸ் என்னும் கறுப்பின இசை மாணவி சேர்க்கப்பட்டார். பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1954-இல். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே இக்கல்லூரியின் இசை வகுப்பில் இது நடந்துவிட்டது.

அடுத்த ஆண்டு கோடையில் ரோலண்ட் ஹேஸ் இங்கு வந்து பாடினார். இவர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரும்புகழ் பெற்ற கறுப்பினப் பாடகர். அடிமையாகப் பிறந்த தாயின் மகன். 1942-இல் ஜார்ஜியா மாநிலத்தின் ரோம் நகரில், ஒரு காலணிக் கடையில் வெள்ளையருக்கு ஒதுக்கிய இடத்தில் அவருடைய மனைவியும் மகளும் அமர்ந்தார்கள். அதையொட்டி எழுந்த தகராறில் ஹேஸ் காவலரால் தாக்கப்பட்டார். மூன்று ஆண்டுகள் கழித்து அதே தென்மாநிலப் பகுதியில், கறுப்பினத்தவரும் வெள்ளையரும் கலந்து அமர்ந்திருந்த அவையின் முன் அவர் பாடினார். இருக்கை எவ்வளவு பெரிய விஷயம் என்பது அவருக்குத் தெரியும். அன்று அவர் பாடிய பாடல்கள் வேறு மேடைகளிலும் ஒலித்தவைதான். அவை கலந்து அமர்ந்தது வேறு எங்கும் எளிதில் நடக்காதது. கலை நிகழ்ச்சி என்பதால், நிர்வாகக் கூட்டத்தில் மாதக்கணக்கில் தீராத கேள்விக்கு ஒரு மாலையில் விடை காட்ட முடிந்தது.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. கல்லூரி வாயிலைத் தாண்டினால் பழைய சட்டமே நடப்பில் இருந்தது. 1946 கோடையில் கற்பிக்க வந்த கறுப்பின ஓவியர் ஜேக்கப் லாரன்ஸும் அவருடைய மனைவி குவென்டலின் நைட்டும் ஆஷ்வில் நகருக்குப் போகாமல் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே தங்கியிருந்தார்கள். கறுப்பின மாணவர்களின் எண்ணிக்கையும் கடைசிவரை மிகக் குறைவாகவே இருந்தது.

1948: அவையில் எழுந்த எதிர்ப்பு

இசையமைப்பாளர் ஜான் கேஜும் நடனக் கலைஞர் மெர்ஸ் கன்னிங்ஹாமும் 1948 ஏப்ரலில் முதன்முறையாக இங்கு வந்து நிகழ்ச்சி நடத்தினார்கள். கேஜ் வாசித்தது ‘சொனாட்டாக்களும் இடைப்பகுதிகளும்’ என்னும் தொகுப்பு. பியானோவின் கம்பிகளுக்கிடையே திருகாணி, ரப்பர் முதலியவற்றைச் செருகி ஒலியை மாற்றி வாசிக்க வேண்டிய இசை அது. தமிழ் வாசகர் இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஒன்பது சுவைகள் என்னும் இந்தியக் கோட்பாட்டை இசையில் வெளிப்படுத்த முயன்றதே இந்தத் தொகுப்பு. அக்கோட்பாட்டை கேஜ் அறிந்தது ஆனந்த குமாரசுவாமியின் நூல்கள் வழியாக. குமாரசுவாமி 1877-இல் கொழும்பில் பிறந்தவர். ஈழத் தமிழரான சர் முத்து குமாரசுவாமியின் மகன். இந்தியச் சுவைக் கோட்பாடு ஓர் ஈழத் தமிழரின் எழுத்து வழியாக, அமெரிக்க மலைப்பகுதி ஒன்றின் உணவுக்கூடம் வரை சென்று சேர்ந்தது.

அதே ஆண்டு கோடையில் கேஜ் மீண்டும் வந்து, பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாட்டியின் இசையை அறிமுகப்படுத்தும் சிறு கச்சேரிகளை வரிசையாக நடத்தினார். அவற்றுடன் விளக்க உரைகளும் உண்டு. அந்த உரைகளில் ஒன்றில், இசையின் கட்டமைப்பு பற்றி பீத்தோவன் கொண்ட கருத்து தவறு, சாட்டியும் வெபர்னும் கொண்டதே சரி என்று வாதிட்டார். அவையில் இருந்தவர்களில் ஜெர்மானிய இசை மரபில் வளர்ந்து, ஹிட்லரின் ஆட்சிக்குத் தப்பி வந்தவர்களும் உண்டு. அவர்களுக்கு பீத்தோவன் இழந்த நாட்டின் மிச்சம். கடுமையான எதிர்ப்பு எழுந்தது. ஆயினும் கேஜின் தொடர் நிறுத்தப்படவில்லை. எதிர்த்தவர்களும் கல்லூரியைவிட்டு விலகவில்லை. மறுநாள் காலை எல்லோரும் அதே கூடத்தில் சேர்ந்து உணவு உண்டாக வேண்டும். சிறிய சமூகத்தில் நடக்கும் உரைக்கு உள்ள வலிமை இது: பேசியவர் ஊருக்குப் போய்விட முடியாது, கேட்டவரும் மறந்துவிட முடியாது.

தொடரின் நிறைவாக ஆகஸ்ட் 14 அன்று சாட்டி எழுதிய ‘மெதூசாவின் சூழ்ச்சி’ என்னும் நகைச்சுவை நாடகம் மேடையேறியது. பொறியாளரும் வடிவமைப்பாளருமான பக்மின்ஸ்டர் ஃபுல்லர் பிரபு வேடம் ஏற்றார். ஓவியர் எலைன் டி கூனிங் அவருடைய மகளாக நடித்தார்; வில்லெம் டி கூனிங் மேடை அமைப்பில் உதவினார்; கன்னிங்ஹாம் இயந்திரக் குரங்காக ஆடினார். பின்னாளில் திரைப்பட இயக்குநராகப் புகழ் பெற்ற ஆர்தர் பென் அப்போது அங்கு மாணவர். நாடகத்தை இயக்கியவர்களில் அவரும் ஒருவர். மேடைக் கூச்சம் கொண்ட ஃபுல்லருக்கு அவர் பயிற்சி கொடுத்துக் கூச்சத்தைப் போக்கினார். மாணவர் சொல்ல ஆசிரியர் கேட்டு நடந்தார். அதே கோடையில் ஃபுல்லர் மெல்லிய உலோகப் பட்டைகளால் கட்ட முயன்ற குவிமாடம் எல்லோர் முன்னிலையிலும் எழும்பாமல் தரையில் கிடந்தது. அந்தத் தோல்வி மறைக்கப்படவில்லை. மறு ஆண்டு அவர் மீண்டும் வந்து சிறிய குவிமாடம் ஒன்றை எழுப்பிக் காட்டினார். புகழ் பெற்றவர் தவறுவதை மாணவர் நேரில் பார்ப்பதும் கல்வியே.

1952: சம இருக்கைகள்

கல்லூரியின் மிகப் புகழ் பெற்ற நிகழ்ச்சி ‘அரங்கப் படைப்பு எண் 1’ என்று பின்னர் அழைக்கப்பட்டது. 1952 கோடையில் கேஜ் இதை மிகக் குறுகிய கால ஏற்பாட்டில் நடத்தினார். பங்கேற்பவர் ஒவ்வொருவருக்கும் குறிப்பிட்ட நேர அளவு தரப்பட்டது. அதற்குள் என்ன செய்வது என்பது அவரவர் விருப்பம். கன்னிங்ஹாம் இருக்கைகளுக்கிடையே ஆடினார். டேவிட் டியூடர் பியானோ வாசித்தார். கவிஞர்கள் சார்லஸ் ஓல்சனும் எம். சி. ரிச்சர்ட்ஸும் கவிதை படித்தார்கள். ராபர்ட் ராஷன்பெர்க் பழைய கிராமபோன் தட்டுகளை ஓடவிட்டார்; அவருடைய வெள்ளை ஓவியங்கள் மேலே தொங்கின. படங்கள் திரையிடப்பட்டன. இவை அனைத்தும் ஒரே நேரத்தில் நடந்தன.

கேஜின் நினைவுப்படி, இருக்கைகள் நான்கு முக்கோணங்களாக நடுவை நோக்கிப் போடப்பட்டிருந்தன. நல்ல இடம் பிடிப்பதற்காக முன்னதாகவே வந்த ஓர் அம்மையார் சிறந்த இருக்கை எது என்று கேட்டதற்கு, எல்லாமே சமம் என்று அவர் பதில் சொன்னாராம். எந்த இடத்தில் அமர்ந்தாலும் ஒரு பகுதிதான் தெரியும்; முழுவதையும் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

இந்நிகழ்ச்சிக்குப் புகைப்படமோ திரைப்படப் பதிவோ இல்லை. கலந்துகொண்டவர்கள் பின்னர் சொன்னவையும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. கேஜ் என்ன வாசித்தார் என்பதிலேயே வேறுபாடு உண்டு. ஆயினும், 1959-இல் நியூயார்க்கில் ஆலன் காப்ரோ நடத்திய ‘ஹாப்பனிங்’ வகை நிகழ்ச்சிகளுக்கு இதுவே முன்னோடி என்று கலை வரலாற்று நூல்கள் எழுதுகின்றன. காப்ரோ கேஜிடம் பாடம் கேட்டவர் என்பதால் இந்தத் தொடர்பில் உண்மை உண்டு. ஆனால் இதைத் திடீரென்று தோன்றிய அற்புதமாகக் காட்டுவது சரியல்ல. ஷவின்ஸ்கியின் சோதனைகளும், 1949 முதல் சில ஆண்டுகள் ஜென்னர்ஜான் தம்பதியர் நடத்திய ஒளி, ஒலி, அசைவுப் பயிலரங்கும் இதற்கு முன்பே அங்கு நடந்தன. விசித்திரமான எதையும் பொறுமையாகப் பார்க்கப் பழகிய அவை ஒன்று பல ஆண்டுகளாக உருவாகியிருந்தது. அந்த அவை இல்லையென்றால் அந்த மாலை இல்லை.

குறைகளும் நிறைகளும்

முதல் குறை, பதிவு இல்லாமை. வாரந்தோறும் நடந்த எளிய நிகழ்ச்சிகளில் பல பெயரளவில்கூட மிஞ்சவில்லை. பின்னாளில் புகழ் பெற்றவர்கள் பங்கேற்றவை மட்டுமே வரலாற்றில் இடம் பெற்றன. அங்கே படித்து, பெயர் பெறாமல் போனவர்களின் பங்கு மறைந்தது. இரண்டாவது குறை, சுற்றுப்புறத்தோடு கொண்ட உறவு. விருந்தினருக்குக் கதவு திறந்திருந்தாலும், அக்கம்பக்கத்தார் பலர் கல்லூரியை ஐயத்துடனேயே நோக்கினார்கள். அவர்களுடைய பாட்டும் ஆட்டமும் கைவினையும் கல்லூரி மேடையில் உரிய இடம் பெற்றதாகச் சொல்ல முடியாது. மூன்றாவது, நிகழ்ச்சிகளால் கல்லூரியைக் காப்பாற்ற முடியவில்லை. 1950-களில் மாணவர் எண்ணிக்கை சரிந்தது, நிலம் விற்கப்பட்டது, 1957-இல் கல்லூரி முடிவுக்கு வந்தது.

நிறைகள் இவற்றைவிடப் பெரியவை. பார்ப்பதும் பாடத்தின் பகுதி என்று கல்லூரி கருதியது. மாற்றுக் கருத்தை உரக்கச் சொல்லவும், அதை உரக்க எதிர்க்கவும் இடம் தந்தது. நாட்டின் சட்டம் பிரித்து வைத்த மனிதர்களை ஒரே வரிசையில் அமர்த்தியது.

இன்றைய கலை மாணவர்கள் 1952-இன் ஏணியையும் வெள்ளை ஓவியங்களையும் திரும்பச் செய்து பார்ப்பது எளிது. கடினமானது மற்றது: வாரம் தவறாமல் கூடுவது, இந்த வாரம் ஆடியவர் அடுத்த வாரம் அமர்ந்து கேட்பது, வாயிலில் தயங்கி நிற்பவருக்கு உள்ளே இடம் தருவது. ஒரு கலைப்பள்ளியின் நிகழ்ச்சியை மதிப்பிட விரும்புவோர் மேடையைப் பார்த்த பின், சற்றுத் திரும்பி இருக்கைகளையும் பார்க்க வேண்டும். யார் வந்திருக்கிறார்கள், யாருக்கு இடம் கிடைக்கவில்லை என்பதும் அந்தக் கலையின் தரத்தைச் சேர்ந்ததே.